நிமிர்ந்து நின்ற இஸ்திரிப் பெட்டி

துணி தேய்த்துத் தேய்த்தே அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு சட்டையைக்கூடப் பொசுக்காதவள். கை ஓய்ந்தால் போதும், இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நிற்கும், சுவிட்ச் அணைந்திருக்கும். யாராவது கூப்பிட்டாலும் அப்படித்தான், தும்மல் வந்தாலும் அப்படித்தான். இந்த நல்ல பழக்கம்தான் அவளை ஜெயில் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனது.

அடி தாங்காமல் ஓடிவந்த தங்கையைக் கடையின் பின்னறையில் உட்கார வைத்திருந்தாள். பின்னாலேயே வந்தான் தங்கை புருஷன். "எங்க அவ?" என்று கேட்டு, குறுக்கே நின்ற பெட்டியக்காவின் கழுத்தை நெரித்தான். அவளுக்குக் கண் இருட்டியது. கையில் பெட்டி சுடச்சுட இருந்தது. ஒரே போடு. காது வெந்து, மண்டை உடைந்து விழுந்தான். ஆயுசு கெட்டி, பிழைத்துக்கொண்டான். அவள்மேல் கொலை முயற்சி என்று வழக்கு வந்தது.

அப்புறம் வாய்தா மேல் வாய்தா. கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. இதற்குள் தங்கை மறுபடியும் அவனோடே குடித்தனம் நடத்தப் போய்விட்டாள். எதிர் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பார்க்காதபோது அக்காவைப் பார்த்துச் சிரிப்பாள். பெட்டியக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துவிட்டது.

சாட்சிக் கூண்டில் ஏறிய தங்கை நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"எங்கக்கா ரொம்ப நிதானமானவங்க. கதவிடுக்குல நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அவரு விழுந்ததும் பெட்டிய நிமிர்த்தி வச்சாங்க, சுவிட்ச அணைச்சாங்க, அப்புறம்தான் என்னையே கூப்பிட்டாங்க."

அரசு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்! "உயிருக்குப் பயந்தவ கையில இருந்ததப் போட்டுட்டு ஓடுவா. சுவிட்ச அணைக்கிற அளவுக்கு நிதானம் இருந்தவளுக்கு என்ன பயம்? இது தற்காப்பு இல்ல, ஆத்திரம்" என்று பிடித்துக்கொண்டார்.

அவளுடைய வக்கீல் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கு உங்களக் கேப்பாங்க. அடிச்சதுமே பெட்டி கைதவறிக் கீழ விழுந்துச்சு, நிமிர்த்தியெல்லாம் வைக்கலன்னு சொல்லிடுங்கம்மா."

"விழுந்திருந்தா கடையே எரிஞ்சிருக்குமே சார். எல்லாம் அடுத்தவங்க துணி."

"உள்ள போயிட்டா அந்தத் துணிய யாரு பாத்துப்பா?"



மறுநாள் அந்தப் பெட்டியையே எடுத்து அவள் கையில் கொடுத்து, இதுதானா என்று கேட்டார்கள். பிடியில் விரிசல் விழுந்திருந்தது. "இதுதாங்க" என்றாள்.

"ஒரு மனுஷன் மண்டைய உடைச்சிட்டு வந்து நிக்கிறியே, பயமா இருந்துச்சா உனக்கு?" என்று அரசு வக்கீல் திடீரென்று அதட்டினார். அவள் வெலவெலத்துப் போனாள். அந்த நடுக்கத்திலும் கை மட்டும் பெட்டியைப் பக்கத்து மேசையில் நிமிர்த்தி வைத்தது. வைத்துவிட்டு, அங்கே இல்லாத சுவிட்சைத் தேடி மேசை ஓரத்தைத் தடவியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதலை. கை பழக்கத்தில் செய்ததை வைத்து மனத்தில் பயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது, கழுத்தை விடுவித்துக்கொள்ளத் தேவையான ஒரு அடிக்கு மேல் அவள் அடிக்கவும் இல்லை என்று தீர்ப்பு. வக்கீல் கைகுலுக்கினார். அவளுக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கினால் போதும் என்றிருந்தது.

கடை திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் தங்கை வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"அக்கா..."

"வரானா?"

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

"உள்ள போ."

பெட்டியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, தெருவைப் பார்த்தபடி நின்றாள். சுவிட்சை மட்டும் அணைக்கவில்லை.