கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த எலும்பு

என் அண்ணையின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு விரல் நீளத்துக்கு இடைவெளி இருந்தது. சண்டிலிப்பாயில் அவருடைய புகையிலைத் தோட்டத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரம் சரிந்து காலின் மேல் விழுந்தது. நொறுங்கிய எலும்பில் கிருமி பிடித்தது. பழுதான பகுதியை டொக்டர்மார் வெட்டி எடுத்துவிட்டு, வெளியே கம்பிகள் போட்டுக் காலை நிறுத்தியிருந்தார்கள். இனி இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டியெடுத்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அதற்கான திகதியும் கிளினிக் கொப்பியில் எழுதியாகிவிட்டது. அண்ணைக்கு அந்தக் கதையே பிடிக்கவில்லை.

“நல்லா இருக்கிற இடுப்பை வெட்டிப் பழுதாப்போன காலுக்கு வைக்கிறதோ? பிறகு ரெண்டும் இல்லாமல் நான் கிடக்கவோ?” என்பார். தோட்டக்காரன், செடி பிடுங்கி நட்டுப் பழகியவர். இருந்தும் தன் உடம்பில் அதைச் செய்ய அவருக்குப் பயம்.

நான் அப்போது ஓர் ஆய்வுகூடத்தில், எலும்போடு ஒட்டக்கூடிய ஒரு வகைக் கண்ணாடியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மணல், சுண்ணாம்பு, சோடா, பொசுபேற்று எல்லாம் சேர்த்து உலையில் உருக்கிச் செய்வது. எலும்பிலுள்ள பள்ளத்தில் வைத்தால் அது மெல்லக் கரைந்து, எலும்பின் தன்மையுள்ள ஒரு வெள்ளைப் படலத்தைத் தன்மேல் வளர்க்கும். அதைப் பற்றிக்கொண்டு உண்மையான எலும்பு வளரும். இப்படியான கண்ணாடியை வேறு நாடுகளில் ஏற்கெனவே வைத்தியத்தில் பாவிக்கிறார்கள். என்னுடையது நானே புதிதாகக் கலந்த கலவை. அது முதலில் போத்தலுக்குள் தேற வேண்டும். இரத்தத்தில் உள்ள உப்புகளைக் கரைத்த நீரில் துண்டுகளைப் போட்டு, உடம்புச் சூட்டில் வாரக்கணக்காக வைத்துப் பார்க்க வேண்டும். படலம் வந்தால், அதற்குப் பிறகும் எத்தனையோ வருடச் சோதனைகள் பாக்கி. மனிதனின் காலுக்குப் போக இன்னும் கனதூரம். இதையெல்லாம் அண்ணையிடம் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் சொல்லும்போது என் முகத்தில் இருந்த சந்தோசம் அவருக்கு வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு போத்தலில் சாதாரண யன்னல் கண்ணாடித் துண்டுகளையும் அதே நீரில் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒன்றும் வளரக் கூடாது. வளர்ந்தால் சோதனையே பிழை என்று அர்த்தம். படிக்க வந்த முதல் கிழமையிலேயே எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

உப்புநீரைக் கிழமைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசிக் கிழமைகளில் எனக்கு டெங்கு வந்துவிட்டது. உப்புகளை அளவாக நிறுத்துப் பைகளில் போட்டு வைத்திருந்தேன். எழும்ப முடியாமல் கிடந்தபடி, ஆய்வுகூடத்தில் உதவிக்கு இருந்த அக்காவுக்குப் போன் பண்ணி, பையைக் கரைத்து நீரை மாற்றிவிடச் சொன்னேன். உடுவிலில் இருந்து வரும் மனுசி. காலையில் முதல் ஆளாக வந்து கதவு திறப்பவர். “நீங்கள் படுங்கோ மிஸ். நான் பாக்கிறன்” என்றார்.

காய்ச்சல் மாறி ஆய்வுகூடத்துக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை, என் கண்ணாடித் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். முழுக்க வெள்ளைப் படலம். நான் எதிர்பார்த்ததைவிடத் தடிப்பாக, ஓர் இடம் விடாமல் பிடித்திருந்தது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மற்றப் போத்தலைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் கையில் எடுத்தது போனை.

“அண்ணை, பிடிச்சிட்டுது!”

“உண்மையாவோ? அப்ப இடுப்பு வெட்டத் தேவையில்லையோ?”

நான் சிரித்தேன். “அதுக்கு இன்னும் கனகாலம் இருக்கு. பாப்பம்” என்றேன். வெட்டத்தான் வேண்டும், திகதிக்குப் போங்கோ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சந்தோசத்தின் நடுவே அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவருடைய திகதி அடுத்த செவ்வாய்க்கிழமை.

அதன்பிறகு பன்னிரண்டு நாட்கள் தலைகால் தெரியாமல் எழுதினேன். வீட்டுக்கு ஒரு போன்கூட எடுக்கவில்லை. அட்டவணையில் யன்னல் கண்ணாடிக்கான இடம் வெறுமையாக இருக்கிறதே என்று பேராசிரியர் கேட்ட பிறகுதான் அந்தப் போத்தலைத் திறந்தேன்.

யன்னல் கண்ணாடியிலும் வெள்ளைப் படலம்.

துண்டை மாறி எடுத்துவிட்டேன் என்று நினைத்து ஒட்டியிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால், போத்தலின் சுவரிலும் அதே வெள்ளை. துண்டின் மேல் நீர் கலந்து ஐதாக்கிய அமிலம் ஒரு சொட்டு விட்டேன். புசுபுசுவென்று நுரைத்தது. எலும்புப் படலம் அப்படி நுரைக்காது. என் கண்ணாடியிலும் விட்டேன். அதுவும் நுரைத்தது. வெறும் சுண்ணாம்பு. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படிந்து, தேசிக்காய்ப் புளி விட்டு அம்மா உரஞ்சிக் கழுவுகிற அதே வெள்ளைக் காவி. அதைத்தான் நான் எலும்பு என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். “நான் இல்லாத நேரம் எந்தத் தண்ணியிலை கரைச்சனீங்கள்?”

“காய்ச்சி வடிக்கிற மெசினிலை தண்ணி வரேல்லை மிஸ். சூடாக்கிற கம்பி முழுக்கக் காவி பிடிச்சு நிண்டுட்டுது. நீங்களும் காய்ச்சல். உங்கடை சாமான் காஞ்சுபோகுமெண்டு எங்கடை கிணத்துத் தண்ணி கொண்டுவந்தனான். மூண்டு தரம் துணியிலை வடிச்சுத்தான் விட்டனான்.”

“கிணத்துத் தண்ணியோ?”

“ஏன் மிஸ், கோயில்லை அபிசேகத்துக்கு எங்கடை கிணத்திலைதான் அள்ளுறவை. சாமிக்கு வாக்கிற தண்ணியிலை என்ன பழுது?”

சுண்ணாம்புக் கல்லைத் தோண்டிய கிணறு. எவ்வளவு வடித்தாலும் அந்தச் சுண்ணாம்பு போகாது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். எத்தனை மாத உழைப்பு, உங்களுக்கு அறிவில்லையா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றெல்லாம். அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டியபடி நின்றார். அவருக்கும் அது அதிர்ச்சிதான். தன் வீட்டில் இருந்ததில் மிக நல்லதை எனக்காகச் சுமந்து வந்தவர். அது இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை.

பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனேன். அண்ணையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றிருந்தது. இடுப்பில் கட்டோடு கட்டிலில் கிடப்பார், கண்ணாடி பிழைத்த கதையைக் கேட்டு இரண்டு நக்கல் அடிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

அவர் கதிரையில் இருந்தார். இடுப்பில் கட்டு இல்லை. முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது.

“ஒப்பரேசனுக்குப் போகேல்லையோ?”

“போகேல்லை. நீதானே பிடிச்சிட்டுது எண்டு சொன்னனி.”

காலில் சுற்றியிருந்த துணியை விலக்கினேன். கம்பி இறங்கிய இடங்களைச் சுற்றித் தோல் பளபளவென்று வீங்கி, சீழ் வடிந்துகொண்டிருந்தது. அழுகல் மணம் அடித்தது.

“அது எலும்பில்லை அண்ணை. சுண்ணாம்பு. கிணத்துத் தண்ணியிலை வந்தது. எல்லாம் பிழைச்சுப்போச்சு.”

அவர் துணியை இழுத்துக் காலை மூடினார். “அப்ப வெட்டத்தான் வேணும்” என்றார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிருமி திரும்ப எலும்புக்குள் இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும் என்றார். காலைக் காப்பாற்றலாம். ஆனால் மற்றக் காலைவிடக் கட்டையாகத்தான் இருக்கும், இனித் தோட்டத்து வரம்பில் பழையபடி நடக்க முடியாது. அன்றைக்கே வந்திருந்தால் இதொன்றும் இல்லை என்றார்.

“ஏன் வரேல்லை? வேண்டாமெண்டு ஆரும் சொன்னவையோ?”

“ஒருத்தரும் சொல்லேல்லை டொக்டர்” என்றார் அண்ணை. “எனக்குத்தான் பயம். பயத்திலை நிண்டுட்டன்.”

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் ஆர்?”

“தங்கச்சி.”

“படிச்ச பிள்ளை மாதிரி இருக்கிறீங்கள். நீங்கள் எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?”

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல்நாள் முழு ஆய்வுகூடமும் கேட்கும்படி கத்திய எனக்கு, உண்மையைச் சொல்ல அந்த அறைக்குள் நேரம் இருந்தது.

“ஓம் டொக்டர்” என்று மட்டும் சொன்னேன்.