வற்ற மறுத்த கிணறு

வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கிண்ணியாவில் கிணறுகள் ஒழுங்காக வற்றும். முதலில் கயிறு நீளும், பிறகு தண்ணீரின் நிறம் மாறும், கடைசியில் சேறு வரும். வேலியோரம் நின்று முறைப்பாடு சொல்ல எல்லோருக்கும் ஒரு கதை கிடைக்கும். வெளிநாட்டு மிளகாய் வரவு நின்று, செத்தல் மிளகாய்க்குப் புது மாப்பிள்ளைக்குரிய மரியாதை கிடைத்த அந்த வருடம், நஜ்முன் நிஸாவுக்கு மட்டும் அந்தக் கதை கிடைக்கவில்லை. அவளுடைய கிணறு வற்றவில்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கணவன் றஊப் புல்மோட்டையில் மணல் அள்ளும் வேலையில் இருந்தான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். அரை ஏக்கர் மிளகாய், இரண்டு பாத்தி கத்தரி, நாலு ஆடு எல்லாம் அவளுக்கும் மகள் றம்லாவுக்கும்தான். குனிந்து கையால் அள்ளலாம் போலத் தண்ணீர் நின்றது. அயலவர்கள் குடத்தோடு வந்தார்கள், அவளுக்காகத் துஆக் கேட்டுப் போனார்கள். பிறகு மெல்லமெல்லக் கவனித்தார்கள். எத்தனை குடம் அள்ளினாலும் மட்டம் இறங்கவில்லை. வாளி விழுந்தால் சத்தமும் இல்லை, அலையும் இல்லை. பனை மட்டையைப் பிய்த்தெறிகிற காற்று அந்தத் தண்ணீரில் ஒரு சுருக்கத்தைக்கூடப் போடவில்லை. ஊர்த் தவளைகள் ஈரம் தேடிக் குசினி அடுப்படிகளுக்குள் குதித்துத் திரிய, ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. ஆடுகள் வாளியை முகர்ந்துவிட்டு அடுத்த வீட்டுக் கழுநீருக்கு நடந்தன.

குடங்கள் வருவது நின்றது. லெப்பையைக் கூப்பிட்டாள். அவர் ஓதி ஊதி, எல்லாம் இறைவன் தந்த பரக்கத்துத்தான் என்று சொல்லி, வயிறு சரியில்லை, தேத்தண்ணி வேண்டாம் என்றார். அடுத்த வீட்டில் இரண்டு கோப்பை குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்த அடுத்த வீடுதான் சிக்கல். உம்மு குல்சும் அங்கே இருந்தாள். அவளுடைய மகன் பக்கீரை றம்லாவுக்குப் பேசியிருந்தது. அந்த ஊர் வழக்கப்படி பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பான். அதாவது, அந்தக் கிணற்றில்தான் குளிப்பான்.

ஒருநாள் குல்சும் வேலிக்கு வந்தாள். "மச்சி, கோவிக்காதீங்க. உங்கட கிணறு வத்தட்டும். அதுக்குப் பிறகு நாள் குறிப்பம்."

"வத்தாட்டி?"

"எல்லாரிட கிணறும் வத்துது. உங்கடதுக்கு மட்டும் என்ன பெரிய இது?"

தாயும் மகளும் விடியச் சுபஹு தொழுத கையோடு இறைக்கத் தொடங்கினார்கள். கத்தரி மூழ்கியது. வாய்க்கால் உடைந்து, தண்ணீர் படலையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. ஊரே வறண்டு கிடக்க, சைக்கிளில் வந்த ஒருவர் சேற்றில் வழுக்கி விழுந்து, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எழுந்து போனார். மதியம் லுஹர் பாங்கு கேட்டபோது இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பாசிக் கோடு நனைந்தபடியே இருந்தது.

றம்லா கயிற்றைக் கீழே போட்டாள். "உம்மா, இது எங்களப் பாத்துக்கொண்டு இரிக்கி."

விசர்க் கதை கதைக்காதே என்று நஜ்முன் நிஸா மகளை ஏசினாள். ஏசிவிட்டு, தானும் அதற்குப் பிறகு உள்ளே பார்க்கவில்லை.

மறுநாள் கிணற்றைத் தென்னோலைக் கிடுகு போட்டு மூடினாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால், அந்தச் சின்ன இடைவெளியால் போய்க் குல்சுமின் கிணற்றடியில் வரிசையில் நின்றாள். தன்னுடையதும் வற்றிப்போய்விட்டது என்றாள். அவளிடம் சத்தியம் கேட்பார் யாருமில்லை. நல்ல செய்திக்கு யார் சாட்சி கேட்கிறார்கள்? பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி, தேத்தாங்கொட்டையை உரைத்துப் போட்டால் சேறு அடையும் என்று புத்தி சொன்னாள். குல்சும் தன் கையாலேயே அரைக்குடம் சேற்றுத் தண்ணீர் வார்த்தாள். சேற்றை அத்தனை அன்போடு யாரும் யாருக்கும் வார்த்ததில்லை. நஜ்முன் நிஸா வீட்டுக்கு வந்து, வேலியோரத்து மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினாள். அவை வாடுவது வெளியே தெரிய வேண்டுமே.

அந்த வெள்ளிக்கிழமையே நாள் குறிக்கக் குல்சும் வந்தாள். கதிரையில் உட்காருமுன், கிணற்றை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்றாள். நஜ்முன் நிஸா அவளுக்குப் பின்னால் நடந்தாள்.

குல்சும் கிடுகைத் தானே விலக்கிக் குனிந்தாள். அவளுடைய முக்காட்டுத் தலைப்பு தோளிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் இறங்கியது. சத்தமில்லை. அவள் நிமிர்ந்து தலைப்பைப் பிழிந்தாள். தண்ணீர் அவளுடைய காலில் வழிந்தது.

"ஓம் மச்சி," என்றாள். "அடி தெரியுது. வெறும் மண்."

அவளை அப்படிச் சொல்லவைத்தது மகனின் நச்சரிப்போ, மிளகாய் விலையோ, இல்லை, அவளுடைய கண்ணுக்கு உண்மையிலேயே மண்தான் தெரிந்ததோ, அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கேட்கலாம். கேட்டால் கலியாணம் இல்லை.

"ஓம், வெறும் மண்," என்றாள் நஜ்முன் நிஸா.

பெருநாள் கழிந்த வெள்ளி என்று முடிவாயிற்று. குல்சும் வேலிப் பொட்டை நோக்கி நடந்தாள். தலைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, மணலில் ஒரு கோடு போனது. பழுத்த மிளகாய் பாயில் கிடந்து சுருங்குகிற வெயில். நஜ்முன் நிஸா பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தாள். ஒரு சொட்டும் காயவில்லை.