படித்த கடிதங்கள் மட்டும் வராத நாள்

புதுக் கணினி வந்ததும், பழையதிலிருந்த மின்னஞ்சல்களை மாற்ற எனக்கு அரைமணி நேரம் போதும் என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். இரண்டிலும் லினக்ஸ்தான். பதினொரு வருடக் கடிதங்கள் தனித்தனிக் கோப்புகளாக வட்டில் இருந்தன. இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும்படி அமைத்ததும் நான்தான். என் கடிதம் ஊரான் கணினியில் எதற்கு என்ற வீம்பு.

அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் போட்டேன். நடுவில் ஏதோ பிழை என்று ஒரு பெட்டி வந்தது. ஞாயிறு பூசைக்கு மணி அடித்துவிட்டது. 'எல்லாவற்றையும் தவிர்' என்பதை அழுத்திவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்து புதியதில் ஏற்றிப் பார்த்தால் கடிதங்கள் வரிசையாக நின்றன. முதல் பக்கத்தைப் பார்த்ததோடு சரி. பழைய கணினியைக் கோயிலில் மறைக்கல்வி நடத்தும் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிரான்சிலிருந்து அக்கா அழைத்தாள். குரலே சரியில்லை.

"கீழ் அறையில தண்ணி பூந்துடுச்சுடி. அப்பாவோட காகிதமெல்லாம் கூழாப் போச்சு."

என் மகளுடைய பிரெஞ்சுக் குடியுரிமைக் கோப்புக்கு அப்பாவின் எத்தாசிவில், அதாவது பிறப்புப் பதிவு, வேண்டும். பதிவு எண் தெரிந்தால்தான் புது நகல் கேட்க முடியும். அந்தப் பதிவைப் படமெடுத்து அக்கா எனக்கு எப்போதோ மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள்.

"அழாதக்கா, எங்கிட்ட இருக்கு" என்று தெனாவட்டாகச் சொல்லிவிட்டுத் தேடினேன்.

அக்காவின் கடிதம் ஒன்றுகூட இல்லை. துணிக்கடைத் தள்ளுபடி, வங்கியின் தீபாவளி வாழ்த்து என்று நான் திறந்தே பார்க்காத குப்பை மட்டும் பத்திரமாக வந்திருந்தது. ஒரு கடிதத்தைப் படித்துவிட்டால் அதன் கோப்புப் பெயரில் அஞ்சல் நிரல் ஒரு முக்காற்புள்ளியைச் சேர்த்துவிடும். பென்டிரைவுக்கு அந்தக் குறி ஆகாது; படித்த கடிதம் எதையும் அது ஏற்றிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி சொல்ல வந்தது அதைத்தான். நான்தான் காது கொடுக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன். தருமபுரத்து வீட்டிலிருந்து கோயிலுக்குப் போவதற்குள் வழியில் எத்தனை பேரைத் திட்டினேனோ தெரியாது. சிஸ்டர் கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். வட்டை முழுவதும் அழிக்கலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், கை வைக்காதீங்க!"

"இப்பதாங்க அழுத்தப் போனேன். என்னாச்சுங்க?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கணினியை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. கோப்புகளைத் தனித்தனியே தூக்காமல், 'டார்' கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினேன். மூட்டைக்குள் எந்தக் குறி இருந்தால் பென்டிரைவுக்கு என்ன? புதியதில் கொண்டுபோய் அவிழ்த்து, இரண்டு பக்கமும் கோப்புகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. "கடையில குடுத்திருக்கலாமுல்ல" என்று ஆரம்பித்த கணவர் திரையைப் பார்த்ததும் காபி போட எழுந்து போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அக்காவை அழைத்துப் பதிவு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். படத்தோடு அவள் அன்றைக்கு எழுதியிருந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டினேன்.

"எங்கிட்ட இருந்தா எப்படியும் தொலைஞ்சிடும். நீதான் பத்திரமா வச்சிருப்ப."

"பாத்தியா, அன்னிக்கே சொல்லிட்டேன்" என்று அக்கா விம்மலுக்கு நடுவே சிரித்தாள். நானும் பெருமையாக ஆமாம் என்றேன். 'எல்லாவற்றையும் தவிர்' என்று அழுத்திய கதையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.