சிக்னல் கொஞ்சம் வீக்

மெட்ராஸ்காரனுக்குப் பூஸ்டர் என்றால் ஒன்றுதான். மொட்டை மாடியில் மீன்முள் மாதிரி நிற்கும் ஆன்டெனாவோடு அதை மாட்டினால் இலங்கை டிவி தெரியும். எண்பதுகளின் நடுவில், டெக்சாஸில் கணக்கில் பிஎச்டி பண்ணிக்கொண்டு பி.ஏ. பையன்களுக்குப் பாடமும் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு வேறு அர்த்தம் தெரியாது. அதனால்தான் டிபார்ட்மென்ட் செகரட்டரி போனில், சனிக்கிழமை உன்னைப் பார்க்க ஒரு பூஸ்டர் வருவார் என்றதும் அவ்வளவு சந்தோஷம். எங்கள் பழைய டிவியில் நடுக்கோடையிலும் பனி பெய்துகொண்டிருந்தது. அவளிடம் புலம்பியது பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தொப்பி, பூட்ஸ். கார் ஷோரூம் வைத்திருக்கிறேன் என்றார். இந்த ஊரில்தான் எல்லோரும் இரண்டு வேலை பார்க்கிறார்களே, ஓய்வு நேரத்தில் ஆன்டெனா மாட்டுவார் போல என்று முடிவு செய்து, நேராக டிவி முன் கொண்டுபோய் நிறுத்தினேன். டிவியின் தலையில் ஒரு தட்டு தட்டி, "சிக்னல் ரொம்ப வீக். நீங்க ஏதாவது பண்ணாத்தான் உண்டு" என்றேன்.

அவர் டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் வகுப்பில் இருந்த ஃபுட்பால் வீரனைப் பற்றி விசாரித்தார். அவனும் கொஞ்சம் வீக்தான் என்றேன். புரிந்தது என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் ஒரு டிரக்கில் புதுக் கலர் டிவி வந்து இறங்கியது.

என் ரூம்மேட் திருநெல்வேலிக்காரன். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படிப்பவன். கதையைக் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏல, பூஸ்டர்னா ஆன்டெனாவும் இல்ல, ஆட்டுக்கல்லும் இல்ல. காலேஜ் டீமுக்குப் பையம்மாரப் புடிச்சிட்டு வர ரகசியமா அள்ளி விடுத பெரிய கை அவரு. ஒங் கிளாஸ்ல இருக்கான்லா அந்த மலை, அவன் டீமுல சேரக் கையெழுத்துப் போட்ட மறுநாளே வீட்டு வாசல்ல புதுக் கார், அவங்கம்மைக்கு வேலை. இப்போ ஒங் கணக்குல ஃபெயிலானா அவன் ஆட முடியாது. நீ என்னன்னா சிக்னல் வீக்குன்னு லஞ்சம் கேட்டிருக்க."

நான் போலீஸைப் பார்த்தாலே செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளும் ஜாதி. ஐந்து நிமிஷத்தில் மனசுக்குள்ளேயே என் விசா ரத்தாகி, மீனம்பாக்கத்தில் இறங்கி, சாட்சிப் பொருளாகிய டிவி மட்டும் டெக்சாஸிலேயே தங்கிவிட்டதற்காக அப்பாவிடம் திட்டும் வாங்கியாகிவிட்டது. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று டிவிமேல் என் வேட்டியைப் போர்த்தினேன். வேட்டி கட்டியதும் அது இன்னும் பெரிய குற்றவாளியாகத் தெரிந்தது.

அதை ரூம்மேட்டின் சின்னக் காரில் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சின்னதா இருக்கோ?" என்றார். இல்லை, வேண்டவே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் வந்தது வளர்த்த வளர்ப்பு: "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?" வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில். அவருக்கு ஒரு சிரமமும் இல்லையாம். மறுநாள் மர அலமாரி வைத்த, அதைவிடப் பெரிய டிவி வந்தது.

அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருக்கும்போது, வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தோம். திருட வந்தவன்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான்.

அதற்குள் பரீட்சை வந்துவிட்டது. அந்த ஃபுட்பால் வீரனின் பேப்பரைத் திருத்தினேன். பாஸ். மறுபடி திருத்தினேன். மறுபடியும் பாஸ். நாலாவது கணக்கை நான் சொல்லித் தராத ஒரு குறுக்கு வழியில், அழகாகப் போட்டிருந்தான். ஃபெயிலாகித் தொலைத்திருந்தாலாவது நான் யோக்கியன் என்று நிரூபணமாகியிருக்கும். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு எங்கேயாவது குறைக்க இடம் இருக்கிறதா என்று தேடினேன். ஒரு மைனஸ் குறி மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"லஞ்சம் வாங்கலன்னு காட்டுததுக்கு அவனப் போயி ஃபெயிலாக்குவியாடே?" என்றான் ரூம்மேட், தோசையைத் திருப்பிக்கொண்டே. பேனாவை மூடினேன். உள்ள மார்க்கைப் போட்டேன்.

பேப்பரைக் கொடுத்த அன்று, வகுப்பு காலியாகும்வரை காத்திருந்து அந்த வீரன் என் மேஜைக்கு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தேங்க்ஸ் சார். டிவி நல்லாத் தெரியுதா?" என்றான்.

டிவியே இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன், இது நீயே எடுத்த மார்க் என்று பதறினேன். நாலாவது கணக்கை வரிவரியாக விரலை வைத்துக் காட்டினேன். இந்த வகுப்பில் ஒருத்தன்கூட இப்படிப் போடவில்லை என்றேன். அவன் குனிந்து, யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒரு நொடி முகம் மாறியது. நம்பிவிட்டான் என்றே நினைத்தேன்.

பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கண்ணடித்தான்.

"சரி சார். யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடறேன்."