இறக்கைக்குள் மூன்று தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இது என் இந்த இரண்டு காதாலும் கேட்டது. உலகப் போர் முடிந்த அதே நாளில், கலிபோர்னியாவில், ஒரு விமானத் தொழிற்சாலையில் நடந்தது.

என் பெயர் லுவீனியா. டெக்சாஸில் வெள்ளைக்காரர் வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கறுப்புப் பெண். ஆம்பிளைகள் எல்லாம் போருக்குப் போனதும் எங்களுக்குத் திடீர் மரியாதை வந்தது. "வாங்க, நாட்டைக் காப்பாத்துங்க" என்று கூப்பிட்டார்கள். வந்தோம். நல்ல சம்பளம், சொந்தமாக ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ள ஒரு தொப்பி. இனி செத்தாலும் இன்னொருத்தி அடுப்படியில் போய் நிற்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

என் ஜோடி ஐடெல்லா. இறக்கைத் தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் வெளியே நின்று, காற்றழுத்தத்தில் ஓடும் ரிவிட் துப்பாக்கியால் அடிப்பேன். அவள் இறக்கைக்குள் ஊர்ந்து போய், மறுபக்கம் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பாள். பிடித்தால்தான் ரிவிட்டின் வால் நசுங்கும். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. இரைச்சலில் பேச்சும் கேட்காது. எல்லாம் தட்டுதான். உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தால் 'சரி'. இரண்டு வந்தால் 'இன்னும் அடி'. மூன்று வந்தால் 'ஏதோ தப்பு, நிறுத்து'.

ஐடெல்லா மூன்று தட்டினால் மூன்றாவது மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும். டக் டக்... டக்.

"மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதாடி உனக்கு?" என்று கேலி செய்வேன்.

"தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிப்பேன்டி. உன்னை மாதிரியா?" என்பாள்.

அன்று மத்தியானம் மேஸ்திரி ப்ரூயிட் வந்தான்.

"இந்த இறக்கையை இன்னைக்கே முடிச்சுக் குடுத்துருங்க. போர் முடிஞ்சாலும் உங்க ரெண்டு பேருக்கும் இங்க வேலை உண்டு."

"நிஜமாவா சார்?" என்றாள் ஐடெல்லா.

"எங்கம்மா மேல சத்தியம்."

பெற்றவள் மேல் சத்தியம் செய்பவனை எப்படிச் சந்தேகப்படுவது? நம்பித் தொலைத்தோம்.

ரிவிட்டுகளை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். குளிர்ந்திருந்தால்தான் மெத்தென்று நசுங்கும். நான் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். ப்ரூயிட் இறக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முகமெல்லாம் வியர்வை.

"ஐடெல்லா எங்க சார்?"

"உள்ளதான் இருக்கா. ஆரம்பி, ஆரம்பி."

ஆரம்பித்தேன். ஒரு தட்டு. அடுத்த ரிவிட். ஒரு தட்டு. ஆனால் அந்தத் தட்டு முரட்டுத்தனமாக வந்தது. இவள் கை இப்படி இல்லையே என்று நினைத்தேன். வெக்கையில் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

சரியாக நாலு மணி. எல்லாச் சங்குகளும் சேர்ந்து ஊதின. ஜப்பான் பணிந்துவிட்டது! கூடமே அலறியது. சுத்தியலைப் போட்டவர்கள் போட்டபடி தெருவுக்கு ஓடினார்கள்.

நான் ஓடவில்லை. எனக்கு வேலை நிலைக்க வேண்டுமே!

"இன்னும் ஒரே வரிசைடி ஐடெல்லா! முடிச்சுட்டுப் போய் ஆடலாம்!"

அடித்தேன்.

டக் டக்... டக்.

ரிவிட்டைத் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அடுத்ததை அடித்தேன்.

டக் டக்... டக்.

"விளையாடாதடி! நல்லாத்தானே இருக்கு?"

வரிசை முழுக்க அப்படியே. ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசி ரிவிட் முடிந்ததும் துப்பாக்கி புஸ்ஸென்று அடங்கியது. காற்று இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். விளக்குகளும் வரிசையாக அணைந்தன. குண்டு வீச்சுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசியிருந்த கூடம் அது. பட்டப்பகலிலே கும்மிருட்டு...

துப்பாக்கி நின்றுவிட்டது.

தட்டு நிற்கவில்லை.

டக் டக்... டக்.

தகட்டில் கை வைத்தேன். ஆகஸ்ட் மாத வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த தகடு... ஜில்லென்று இருந்தது.

"ஐடெல்லா?"

டக் டக்... டக்.

மெதுவாக. முன்னைவிட மெதுவாக.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனேன். ஆள் நுழையும் துளையில் தலையை விட்டேன்.

யாரும் இல்லை.

கடைசி வரிசை ரிவிட்டுகள் அத்தனையும் அழகாக நசுங்கி இருந்தன. இரும்புக் கட்டி ஓர் ஓரமாகக் கிடந்தது. அசையவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில்...

டக்.

ஒரே ஒரு தட்டு.

அப்புறம் ஒன்றுமே இல்லை.

விழுந்தடித்து ஓடினேன். வாசலில் ப்ரூயிட். கையில் பீர் புட்டி.

"சார்... ஐடெல்லா..."

"வீட்டுக்குப் போயிருப்பா. நீயும் போ. நாளைக்கு வராத."

"வேலை உண்டுன்னீங்களே?"

"ஆம்பிளைங்க திரும்பி வர்றாங்கல்ல? போய் அடுப்பைப் பாரு."

அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் நாசமாய்ப் போக!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான் மோசெல்லைப் பார்த்தேன். தொழிற்சாலையின் முதலுதவி அறைப் பக்கம் கூட்டிப் பெருக்குகிறவள். என்னைக் கண்டதும் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள்.

நான் ரிவிட் வாங்கப் போயிருந்தபோதே ஐடெல்லா வெக்கை தாங்காமல் இறக்கைக்குள் மயங்கி விழுந்திருக்கிறாள். ப்ரூயிட் ஆள் வைத்துத் தூக்கி முதலுதவி அறையில் போட்டுவிட்டான். விஷயம் தெரிந்தால் நான் வேலையைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடுவேன் என்று அவளுக்குப் பதிலாக எவனோ ஒருவனை இறக்கைக்குள் அனுப்பியிருக்கிறான். அந்த எவனோ சங்கு ஊதியதுமே மறுபக்கத் துளை வழியே குதித்து ஓடிவிட்டான். நர்சம்மாவும் மருந்து திருடு போகாமல் இருக்க அறையைப் பூட்டிவிட்டு ஆடப் போய்விட்டாள். உள்ளே ஐடெல்லா தனியாக. உயிரோடு.

"கதவுக்கு வெளியதான் பெருக்கிட்டு இருந்தேன் லுவீனியா. உள்ள படுக்கைக் கட்டிலோட கம்பியில தட்டுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தட்டு, அப்புறம் கொஞ்சம் விட்டு ஒண்ணு. திரும்பத் திரும்ப அதேதான். சாவிக்கு ஓடாத எடம் இல்ல. ஒருத்தரும் கெடைக்கல."

அந்த அறைக்கும் என் இறக்கைக்கும் நடுவில் மூன்று கூடங்கள். ஒரு ரயில் பாதை.

"எப்ப நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. கடைசியா ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான். கதவைத் தெறந்தப்ப உயிர் இல்ல."

அந்த வரிசைக்கு உள்ளேயிருந்து பிடித்துக் கொடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இறக்கையை எவரும் பறக்கவிடவில்லை. மறுமாதமே துண்டு துண்டாக வெட்டி உருக்கிவிட்டார்கள். நான் மறுபடியும் ஒருத்தி அடுப்படிக்குப் போனேன்.

அங்கே பாத்திரம் தேய்க்கும்போது சில நாள் கை தானாக நின்றுவிடும். ஒரு தட்டு என்றால் 'சரி'. எல்லாரும் எங்களை ஏமாற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எதைச் சரி என்று சொன்னாய் ஐடெல்லா?