சித்தி மேடைக்குக் கொண்டுவந்த பை

1. எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் விழா நாடகத்தில் புது மனைவியாக நடிக்க வேண்டிய அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது.
2. கணவனாக நடித்தது என் சித்தப்பா. அவருக்கு அப்போதுதான் நிஜமாகவே கல்யாணம் ஆகியிருந்தது. "வீட்டுலயே பொண்ணு இருக்கு, இன்னாத்துக்கு வெளிய தேடணும்?" என்று வாலிபர் சங்கத்தார் சித்தியைப் பிடித்துப் போட்டார்கள்.
3. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை, ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு வந்தது.
4. கடைசிக் காட்சியில் இருவரும் ஒரு வசனத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை.
5. இப்படிச் சிரித்து வருஷமாச்சு என்று ஜனங்கள் பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

நான்காவதைத்தான் விளக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை. ஒடுகத்தூரிலிருந்து வந்த சித்தி வேலூரில் நர்ஸ். சித்தப்பா வேலையிலிருந்து வந்ததும் நேராகக் குளிக்கப் போவார். குளித்த பிறகும் சித்தி இருக்கும் அறைப் பக்கம் போகாமல் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார். சித்தியும் டியூட்டி முடிந்து வந்தால் தலைக்குக் குளிக்காமல் எதையும் தொடமாட்டாள். ஒருவரை ஒருவர் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் வழியாகத்தான் கேட்பார்கள்.

"பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்றா. போனா வருவாளா?" என்று அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. பண்டிகை முடிந்தால் வரத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி இதுதான்: கோபித்துக்கொண்டு கிளம்பும் மனைவியின் பையைக் கணவன் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒத்திகையில் அது காலிப் பை. அன்று சித்தி ஒரு நீலப் பையோடு வந்திருந்தாள். சித்தப்பா ஒரு கையால் வீராப்பாக இழுத்தார். பை எழும்பவில்லை, அவர்தான் அதன்மேல் கவிழ்ந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இன்னா இது, இவ்ளோ கனம்?"

அது வசனத்தில் இல்லை.

"என் துணிங்கதான். காலைல ஒடுகத்தூர் பஸ்," என்றாள் சித்தி. அதுவும் இல்லை.

"உன் சமையலுக்கு நான் அடிமை," என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

சித்தப்பா காதில் வாங்கவில்லை. "தெரியும். டேனரி நாத்தம் உனக்குத் தாங்கல. நானும் எவ்ளோ சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது. அதான் கிட்ட வராம ஒதுங்கியே கெடக்கறேன்."

"நாத்தம்னு யாரு சொன்னது? சீக்காளிங்களத் தொட்டுட்டு வர்றேன்னு உங்களுக்குத்தான் அருவருப்புன்னு நெனச்சேன். டெய்லி தலைக்கு ஊத்தி ஊத்தி எனக்கு ஜலதோஷமே புடிச்சுக்கிச்சு."

"ரெண்டு பேருக்கும் சோப்புச் செலவு ஜாஸ்திப்பா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். விசில் பறந்தது.

என் பொறுமை போய்விட்டது. "வசனம் அது இல்ல சித்தப்பா! சமையலுக்கு அடிமை!"

மைக் அதையும் பிடித்துக்கொண்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சித்தியும் சிரித்துவிட்டாள். சித்தப்பா அவளையே பார்த்தபடி, "சரி, அடிமை," என்றார்.

பையின் ஒரு காதை அவரும் மறு காதை அவளுமாகப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்கள்.

பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த வசனமெல்லாம் வீணாயிற்றே என்று இருவரோடும் நான் பேசாமல் இருந்தேன். எங்கள் வீட்டுப் பரண்மேல் காலிப் பைகள் எத்தனையோ கிடந்தன. சித்தப்பா தூக்கப்போகிறார் என்று தெரிந்தே சித்தி ஏன் துணி அடைத்த பையைக் கொண்டுவந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பையை மாற்ற மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

சித்தப்பா இன்னமும் அதே டேனரியில்தான் இருக்கிறார். சித்தியும் வேலூரில்தான் வேலை பார்க்கிறாள். ஒடுகத்தூருக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். பையைத் தூக்குவது சித்தப்பா.