இன்னும் ஒரு பௌல் பாக்கி

போன வியாழக்கிழமை காலை. ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் பம்ப் கம்பெனி ஆபீஸ். மூன்று தமிழர்கள், வெளிநாட்டுச் செய்திகளை அடித்துத் தரும் டெலக்ஸ் மெஷினைச் சுற்றி நின்றுகொண்டு, வாயில்கூட நுழையாத பெயருள்ள ஓர் அமெரிக்கக் கல்லூரி ஜெயிக்க வேண்டும் என்று பிரார்த்தனை செய்துகொண்டிருந்தோம்.

டிராஃப்ட்ஸ்மேன் சந்தானம் திருச்சிக்காரர். உச்சிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் காசிம் பாய்க்குக் காயல்பட்டினம். உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தார். டெலக்ஸ் ஆபரேட்டரான நான் மெஷினை முறைத்துக்கொண்டிருந்தேன். முறைத்தால் சீக்கிரம் அடிக்குமா என்ன?

விஷயம் இதுதான். எங்கள் மேனேஜர் மிஸ்டர் டாய்ல் ஓர் அமெரிக்கர். அவருடைய நாட்டில் காலேஜ் பையன்கள் ஃபுட்பால் ஆடுகிறார்கள். பெயர்தான் ஃபுட்பால்... பந்தைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். சீசன் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? போவதில்லை. நன்றாக ஆடிய அணிகளைக் கூப்பிட்டு ஊருக்கு ஊர் இன்னொரு மேட்ச் வைக்கிறார்கள். அதற்குப் பெயர் பௌல். ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று மளிகைக்கடைச் சீட்டு மாதிரி பெயர்கள். டிசம்பர் பாதியில் ஆரம்பித்தால் புத்தாண்டு வரைக்கும் இழுக்கும்.

இழுக்கட்டும். நமக்கென்ன?

நமக்கென்னவா! சந்தானத்தின் பாஸ்போர்ட் டாய்லின் லாக்கரில் இருக்கிறது. லீவு பேப்பரில் டாய்ல் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே வரும். சந்தானத்தின் மனைவிக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை தங்கவில்லை. அப்போது இவர் இங்கே இருந்தார். இந்த முறை கட்டாயம் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். 'ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வரவும்' என்று தந்தியும் வந்துவிட்டது. வியாழன் மதியம் துபாயிலிருந்து பம்பாய் ஃபிளைட். அதை விட்டால் வெள்ளி, சனி எதிலும் சீட் இல்லை.

டாய்ல் கெட்டவரில்லை. அவருக்குக் கவனம் இங்கே இல்லை, அவ்வளவுதான். முதலில் மைத்துனர் படித்த காலேஜுக்கு ஒரு பௌல். "அது முடியட்டும், பார்க்கலாம்." அடுத்து மகன் படிக்கிற காலேஜுக்கு. "இன்னும் ஒரு பௌல் பாக்கி." மகனின் காலேஜ் ஜெயித்த அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "இவ்வளவு பௌல் எதற்கு என்று சில பேர் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், இன்னும் பத்து வைக்கலாம். இன்னும் பத்து ஊர்ப் பையன்களுக்குச் சந்தோஷம்!"

அந்த நேரத்தில் பேப்பரை நீட்டியிருக்கலாம். சந்தானம் நீட்டத்தான் போனார். ஃபோன் வந்துவிட்டது.

கடைசியாக டாய்லின் சொந்தக் காலேஜ். அதன் ஸ்கோரைத்தான் ஹூஸ்டன் ஆபீஸிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். டாய்ல் ரூமுக்குள் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் வெளியே நடந்துகொண்டிருந்தோம். சந்தானம் பெட்டியை பிக்அப் வண்டியில் ஏற்றிவிட்டு வந்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே போய் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பெட்டி எங்கே போகும்?

காசிம் பாய்தான் என் காதோரம் வந்தார்.

"தம்பி, இந்த மெஷின்லயே ஒரு ஸ்கோர நீங்களே அடிச்சிர முடியாதா? ஜெயிச்சாச்சுன்னு போடுங்க. மனுசன் சந்தோசத்துல கையெழுத்துப் போட்டுருவாரு. பொறவு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. நம்ம ஆளு பம்பாய் போய்ச் சேர்ந்திருப்பாருல்லா?"

முடியும். லைனில் போகாமல் இங்கேயே அடித்துக் கிழித்துக் கொடுக்கலாம். என் விரல் கீ போர்டு வரைக்கும் போனது... அதை மறைக்க விரும்பவில்லை. சந்தானம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாங்க. உங்க வேலை போயிடும். நான் பார்த்துக்கறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வார் பாவம்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாய்ல் மேலா, அந்த மளிகைக்கடை மேட்ச்கள் மேலா, என் மேலேயா, தெரியவில்லை.

அதே சமயம் பார்த்து மெஷின் தானாகவே கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. மூன்று தலையும் முட்டிக்கொண்டன. தோல்வி. அதுவும் படுதோல்வி.

எங்களை மட்டும் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. இங்கே ஷார்ஜாவில், ரோலா சதுக்கத்துப் பக்கத்து மைதானத்தில் வெள்ளிக்கிழமை தோறும் நம் பையன்கள் ஆடும் ஃபுட்பாலும் இந்த லட்சணம்தான். லீக் முடிந்துவிடும், கோப்பைகள் முடியாது. ஜவுளிக்கடை ஒரு கோப்பை, எலக்ட்ரிகல்ஸ் கடை ஒரு கோப்பை. தோற்றவர்கள் மட்டும் 'எதுக்கு இத்தனை கப்பு?' என்பார்கள். ஜெயித்தவர் யாராவது அப்படிக் கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு கையில் டெலக்ஸ், இன்னொரு கையில் லீவு பேப்பர். உள்ளே போனேன். டாய்ல் படித்தார். மறுபடியும் படித்தார். காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

"பௌல்கள் ரொம்ப அதிகமாகிவிட்டன," என்றார். "யாருக்கும் பிரயோஜனமில்லாத மேட்ச்கள். பாதியை நிறுத்த வேண்டும்."

"ஆமாம் சார்," என்று பேப்பரை வைத்தேன். எதில் போடுகிறோம் என்றே பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சந்தானம் பெயரைச் சொன்னேன். லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டார்.

வாசலில் நின்ற சந்தானத்திடம் கொடுத்தேன். தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை மனிதர். "யல்லா, யல்லா!" என்று காசிம் பாய் கத்த, வெயிலில் பிக்அப்பை நோக்கி ஓடினார். ஒரு செருப்பு கழன்றது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாய்ல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் ஏன் இப்படி ஓடுகிறான்?"

"மனைவிக்குப் பிரசவம் சார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்."

அவர் முகம் நிஜமாகவே மாறியது. "அடடா... என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னார் சார்," என்றேன். "ஒவ்வொரு பௌலுக்கு முன்னாலும் சொன்னார்."